மூச்சை எண்ணக் கற்றுத் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர் அவர்களுக்கும், அவருடன் பணியாற்றும் செவிலியர்கள், உதவியாளர்கள், வரவேற்பில் இருப்போர் அனைவருக்கும், வணக்கம்.

எங்கள் நாய் சிட்டு இறந்து ஆறு வாரங்கள் ஆகின்றன. மறுவாரமே இம்மடலை எழுதத் தொடங்கினோம். ஒவ்வொரு முறையும் ‘நன்றி’ என்ற சொல்லைத் தாண்ட முடியாமல் நிறுத்திவிட்டோம். எதற்கு நன்றி என்று பிரித்துச் சொல்லாவிட்டால் அது ஒப்புக்குச் சொன்னதாகிவிடும் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறோம். இதைப் பொதுவில் வைப்பதற்கும் காரணம் உண்டு: நோயுற்ற ஒரு முதிய நாயை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் விழித்திருக்கும் யாரேனும் ஒருவர் இதைப் படிக்கக்கூடும்.

சிட்டு பொமரேனியன் இனத்தவள். ஒன்பது வயதில் ஆண்டுத் தடுப்பூசிக்காக அவளைக் கொண்டுவந்த நாளில், ஊசியைப் போட்டு எங்களை அனுப்பியிருக்கலாம். நீங்களோ ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, அவளுடைய இடப்பக்க மார்பில் வைத்து, வழக்கத்தைவிட நெடுநேரம் கேட்டீர்கள். பிறகு அதை எங்கள் காதிலும் மாட்டிவிட்டீர்கள். ‘லப்-டப்’ என்று இரண்டாகக் கேட்க வேண்டிய ஒலிகளுக்கு நடுவே ‘உஸ்’ என்று ஒரு சத்தம் இழைந்தது. மருத்துவர்கள் ‘மர்மர்’ என்று சொல்வது இதைத்தான் என்றீர்கள். இதயத்தின் இடப்பக்கத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் மைட்ரல் வால்வு வயதாக ஆகத் தடித்துச் சரியாக மூடாமல் போவதையும், அதனால் இதயம் சுருங்கும்போது இரத்தத்தில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிவிடுவதையும் இரண்டு கைகளையும் கதவுகளைப் போல மூடித் திறந்து காட்டி விளக்கினீர்கள். சிறிய இன நாய்களுக்கு முதுமையில் மிகுதியாக வரும் இதய நோய் இதுதான் என்றும் சொன்னீர்கள்.

அன்று நீங்கள் எந்த மருந்தும் எழுதவில்லை. இதயம் இன்னும் பெரிதாகவில்லை என்றும், இந்நிலையில் மருந்து கொடுத்துப் பயனில்லை என்றும், ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும் என்றும் சொன்னீர்கள். கைநிறைய மாத்திரைகளோடு திரும்பியிருந்தால் அன்றைக்கு எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்பது உண்மை. தேவையில்லாதபோது கொடுக்காமல் இருப்பதும் வைத்தியம்தான் என்பது பின்னரே எங்களுக்குப் புரிந்தது.

பதினோராவது வயதில் இருமல் வந்தது. பொமரேனியன்களுக்கு மூச்சுக்குழாய் தளர்ந்து ஒட்டிக்கொள்வதாலும் இருமல் வரும், வாத்து கத்துவதைப் போல அது ஒலிக்கும் என்று கேள்விப்பட்டிருந்ததால், இதயத்தை மறந்துவிட்டு அதுதான் இது என்று நாங்களே தீர்மானித்துக்கொண்டு வந்திருந்தோம். நீங்கள் எங்கள் தீர்மானத்தை மறுக்கவுமில்லை, அப்படியே ஏற்கவுமில்லை. எக்ஸ்ரே எடுத்தீர்கள். அவளுடைய முதுகெலும்பின் துண்டுகளையே அளவுகோலாகக் கொண்டு, இதயத்தின் நீளமும் அகலமும் சேர்ந்து எத்தனை துண்டுகளுக்கு வருகின்றன என்று எங்கள் எதிரிலேயே அளந்தீர்கள். பொதுவாகப் பத்தரைக்குள் இருக்க வேண்டிய கூட்டுத்தொகை அவளுக்குப் பதினொன்றரையாக இருந்தது. எக்கோ ஸ்கேனும் அதையே சொன்னது. தன் உடம்பிலேயே தன் இதயத்துக்கான அளவுகோலையும் அவள் வைத்திருந்தாள் என்பது, அந்தக் கவலைக்கு நடுவிலும், எங்களுக்கு வியப்பாகத்தான் இருந்தது.

பிமோபென்டான் என்ற மருந்தை அன்று தொடங்கினீர்கள். 2016ஆம் ஆண்டில் வெளியான ‘எபிக்’ என்ற ஆய்வில், இதயம் பெரிதாகியும் நோயின் அறிகுறிகள் தோன்றாத நாய்களுக்கு இம்மருந்தைக் கொடுத்தபோது இதயச் செயலிழப்பு ஏறத்தாழ 15 மாதங்கள் தள்ளிப்போனது என்று எடுத்துச் சொன்னீர்கள். கூடவே, அந்த 15 மாதம் உங்கள் சிட்டுவுக்கு நான் கொடுக்கும் வாக்கு ஆகாது, சிலருக்குக் கூடும், சிலருக்குக் குறையும் என்றும் சொன்னீர்கள். நல்ல செய்தியைச் சொன்ன மூச்சிலேயே அதன் எல்லையையும் சொல்லிவிடும் இந்தப் பழக்கத்துக்காகவே உங்களை நாங்கள் முழுமையாக நம்பினோம். உங்கள் கையெழுத்தைப் பற்றி மட்டும் பாராட்டிச் சொல்ல எங்களிடம் எதுவும் இல்லை. வரவேற்பில் இருக்கும் தம்பி ஒவ்வொரு முறையும் மாத்திரைப் பெட்டியின் மேல் ‘காலை, மாலை, உணவுக்கு ஒரு மணி நேரம் முன்’ என்று அச்சுக் கோத்ததுபோல எழுதித் தருவார். அவருக்குத் தனியாக ஒரு நன்றி.

அன்றுதான் மூச்சை எண்ணவும் கற்றுத் தந்தீர்கள். அவள் ஆழ்ந்து உறங்கும்போது விலா ஏறி இறங்குவது ஒரு மூச்சு. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். நிமிடத்துக்கு முப்பதுக்குள் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். முப்பதைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம், உடனே அழைக்க வேண்டும். இதற்காக ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் வாங்கினோம். முதல் இரவில் எழுதிய எண் 22. அதுவரை எங்கள் கவலைக்கு வேலை ஒன்றும் இல்லை. அவள் ஒவ்வொரு முறை இருமும்போதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நோட்டு வந்தபின் கவலைக்கு ஒரு நேரமும் ஓர் எண்ணும் கிடைத்தன. இரவு எண்ணி எழுதிவிட்டால், மறுநாள் இரவு வரை அவளோடு வெறுமனே விளையாட முடிந்தது.

பன்னிரண்டரை வயதில் ஓர் இரவு அந்த எண் 54 ஆனது. இரண்டு முறை எண்ணிப் பார்த்துவிட்டு அழைத்தோம். இரவுப் பணியில் இருந்த செவிலியர் எங்கள் பதற்றத்தைக் கேட்பதற்கு முன் எண்ணைக் கேட்டார். படுக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், மார்பை இறுக்கிப் பிடிக்காதீர்கள், அவள் எப்படி உட்கார விரும்புகிறாளோ அப்படியே கொண்டு வாருங்கள் என்றார். வந்து சேர்ந்ததும் எக்ஸ்ரேக்காக அவளைப் பிடித்து அமுக்காமல், நேராக ஆக்ஸிஜன் கூண்டுக்குள் வைத்து, நுரையீரலின் நீரை வடியச் செய்யும் ஃபுரோசமைடு ஊசியைப் போட்டீர்கள். மூச்சுக்குத் திணறும் உயிரைப் படத்துக்காக அலைக்கழித்தால் அதுவே உயிரைப் பறித்துவிடும், படத்தைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி எங்களை வீட்டுக்கு அனுப்பினீர்கள். அந்த இரவை எங்களால் தாங்க முடிந்ததற்குக் காரணம் அந்தச் செவிலியர்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரே அழைத்தார். ‘நன்றாக இருக்கிறாள், கவலைப்படாதீர்கள்’ என்று ஒருமுறைகூட அவர் சொல்லவில்லை. நாற்பத்தாறு என்றார். பிறகு முப்பத்தெட்டு என்றார். விடியும் முன் முப்பது என்றார். நீங்கள் எங்களுக்குக் கற்றுத் தந்த மொழியிலேயே அவர் எங்களோடு பேசினார்.

அதற்குப் பிந்திய பத்து மாதங்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. மாத்திரைகளும் இரத்தப் பரிசோதனைகளுமாக அவை போயின. நீரை வடிக்கும் மருந்து கூடினால் சிறுநீரகம் வாடும், குறைந்தால் நுரையீரல் நிறையும் என்ற இடுக்கில் நீங்கள் அளவைக் கூட்டியும் குறைத்தும் அவளை நடத்திச் சென்றீர்கள். ஒரு தவற்றை மட்டும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். இரவில் அவள் படுக்கையிலேயே சிறுநீர் கழித்துவிட்டுக் கூனிக் குறுகி நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல், ஒரு வாரம் இரவு வேளையின் ஃபுரோசமைடு மாத்திரையை நாங்களாகவே நிறுத்திவிட்டோம். எண் ஏறத் தொடங்கியதும் பயந்துபோய் உங்களிடம் வந்து சொன்னோம். கோபித்துக்கொள்வீர்கள் என்று எதிர்பார்த்தோம். ‘நல்லவேளை சொன்னீர்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டு, இரண்டாம் வேளையைப் பிற்பகலுக்கு மாற்றி எழுதினீர்கள். அதற்குப் பிறகு உங்களிடம் எதையும் மறைக்க வேண்டிய தேவை எங்களுக்கு வந்ததில்லை.

அவள் சோர்ந்துகொண்டே போனபோது, அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004இல் வகுத்த வாழ்க்கைத் தர அளவுகோலை அச்சிட்டு ஆளுக்கொன்றாகத் தந்தீர்கள். வலி, உணவு, நீர், தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் அதிகமா என்பது ஆகிய ஏழுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும்; கூட்டுத்தொகை முப்பத்தைந்துக்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம். ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் எழுதுங்கள் என்றீர்கள். முதல் வாரத்தில் எங்கள் தாள்களில் 41, 38 என்று இருந்தது. மூன்றாம் வாரத்தில் ஒருவர் 31 போட்டிருந்தோம், மற்றவர் 22. அந்த ஒன்பது மதிப்பெண் இடைவெளியைப் பற்றி அன்று இரவு முழுவதும் பேசினோம். அதுவரை ஒருவரை ஒருவர் வருத்தப்படுத்தக் கூடாது என்று இருவருமே வாய்திறக்காமல் இருந்திருக்கிறோம்.

மறுநாள், ‘உங்கள் நாயாக இருந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டோம். அந்தக் கேள்வியை எங்களிடமே திருப்பிவிடுவது எளிது. ‘இந்த வாரத்துக்குள் முடிவெடுப்பேன். மூச்சுத் திணறும் ஒரு நள்ளிரவில் அவசரமாக எடுக்க நேரும் முடிவைவிட, அவள் உங்களை அடையாளம் கண்டு வாலாட்டும் ஒரு பிற்பகலில் எடுப்பது அவளுக்கு எளிது’ என்று பதில் சொன்னீர்கள்.

இதற்குத் தமிழில் வழங்கும் ‘கருணைக் கொலை’ என்ற சொல்லில் கருணையைவிடக் கொலைதான் உரக்கக் கேட்கிறது. நீங்கள் அச்சொல்லை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. அதே நேரத்தில் ‘தூங்க வைக்கிறோம்’ என்று மழுப்பவும் இல்லை. எங்கள் ஆறு வயது மகளிடம் ‘சிட்டு தூங்கிவிட்டாள்’ என்று சொல்லாதீர்கள், பிறகு குழந்தை தூங்கவே பயப்படும், ‘இறந்துவிட்டாள், இனி வரமாட்டாள்’ என்றே சொல்லுங்கள் என்றீர்கள். அவ்வாறே சொன்னோம். அழுதாள், அன்றிரவு தூங்கவும் செய்தாள்.

அந்த நாளுக்கு நீங்கள் எல்லோரும் சேர்ந்து செய்திருந்த ஏற்பாடுகளை நாங்கள் அன்று கவனிக்கவில்லை. பிறகு யோசித்தபோதுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கையெழுத்துகளையும் கட்டணத்தையும் முதலிலேயே முடித்துக்கொண்டீர்கள். அன்றைய நாளின் கடைசி நேரத்தை எங்களுக்கு ஒதுக்கி, பக்கவாட்டுக் கதவு வழியாக எங்களை அழைத்துச் சென்றீர்கள். மேசை மேல் வைக்காமல், தரையில் விரித்த அவளுடைய போர்வையிலேயே அவளைக் கிடத்திவிட்டு, நீங்களும் தரையில் அமர்ந்தீர்கள். என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொன்னீர்கள்: முதலில் ஒரு மயக்க ஊசி, அதில் அவள் அயர்ந்தபின் காலில் பொருத்திய குழாய் வழியாகப் பென்டோபார்பிட்டால், அதுவும் மயக்க மருந்துதான், அளவு மட்டும் மிக அதிகம், நினைவு முதலில் போய்விடும், மூச்சும் இதயமும் பிறகே நிற்கும், கண்கள் தாமாக மூடா, உயிர் போனபின்னும் ஒரு பெருமூச்சு வரலாம், அது அவள் படும் துன்பம் அன்று. அந்தப் பெருமூச்சு உண்மையிலேயே வந்தது. நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் அந்த ஒரு நொடியை ஆயுள் முழுதும் சுமந்திருப்போம்.

ஸ்டெதாஸ்கோப்பை மறுபடியும் உள்ளங்கையில் தேய்த்தபின்தான் அவள் மார்பில் வைத்தீர்கள். அந்த நேரத்தில் அவளுக்குச் சூடும் குளிர்ச்சியும் தெரிந்திருக்காது என்பது உங்களுக்கும் தெரியும். நெடுநேரம் கேட்டுவிட்டு, ‘இதயம் நின்றுவிட்டது’ என்றீர்கள்.

பல ஆண்டுகளாக அவளைத் தூக்கி எடை பார்த்த உதவியாளர் அக்கா, அவள் முடியைச் சீவி, பாதத்தை மையில் ஒற்றி, அந்தத் தடத்தை ஓர் உறையில் இட்டுக் கொடுத்தார். நாங்கள் கதவருகே நின்றிருந்தபோது, அவசரமாக வந்துவிட்ட ஒரு குட்டி நாயைப் பார்க்க நீங்கள் கண்களைத் துடைத்துக்கொண்டு அடுத்த அறைக்குச் சென்றீர்கள். அங்கே அதை நீங்கள் சிரித்தபடி வரவேற்ற குரல் எங்களுக்குக் கேட்டது. ஒரே நாளில் இப்படி எத்தனை கதவுகளைத் தாண்டுகிறீர்களோ என்று அன்றுதான் நினைத்துப் பார்த்தோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்ற வாரம் சிட்டுவுக்கு ஆண்டுத் தடுப்பூசி போட வேண்டிய நாள். வழக்கமாக வரும் நினைவூட்டல் செய்தி வரவில்லை. யாரோ ஒருவர் மறக்காமல் அவள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்திருக்கிறார். வராமல் போன அந்தச் செய்திக்காகவும், அவர் யாரென்று தெரியாமலே, நன்றி சொல்கிறோம்.

அந்த நோட்டுப் புத்தகத்தை வரவேற்பில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். முதல் பக்கத்தில் 22 இருக்கிறது; கடைசிப் பக்கத்தில், இறப்பதற்கு முந்தைய இரவில் எழுதிய 44. நடுவில் 54 என்று எழுதிய பக்கத்தில் மை சற்றுக் கலைந்திருக்கும். அடுத்து யாருக்காவது மூச்சை எண்ணக் கற்றுத் தரும்போது எப்படி எழுத வேண்டும் என்று காட்ட உதவுமானால் வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் நாற்பது தாள்கள் எழுதாமல் இருக்கின்றன.

நன்றியுடன்,
சிட்டுவின் வீட்டார்