பூனைக்கு மனுச எனிமா போடாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

திஞ்சான் (பர்மா புத்தாண்டு) லீவுல எங்க வீட்டு கடுவன் பூனைக்கு மூணு நாளா வெளிக்கே போகல, மண்ணு தட்டுல போய் போய் குந்தி முக்குது, கடைசில ஆட்டுப் புழுக்கை மாதிரி காஞ்சு ஒண்ணே ஒண்ணு. பக்கத்து வீட்டு அக்கா மருந்துக்கடை எனிமா போடச் சொன்னாங்க, நல்லவேளை போடல. மனுசங்களுக்கான பாஸ்பேட் எனிமா பூனை உயிரையே எடுத்துடும்னு கால்நடை டாக்டர் சொன்னப்ப எனக்கு கை நடுங்கிடுச்சு. அவரு முதல்ல வயித்த அமுக்கி மூத்திரம் அடைச்சிருக்கான்னுதான் பாத்தாரு, ஆண் பூனைக்கு அது அடைச்சா ஒண்ணு ரெண்டு நாள்லயே உயிர் போயிடுமாம், பாக்க ரெண்டும் ஒரே முக்கல்தான்.

இந்த ரங்கூன் வெயில்ல வெறும் உலர் தீனி மட்டும் போட்டது என் தப்பு. இப்ப எலும்பில்லாத மீன வேகவெச்ச தண்ணியோட குடுக்கிறேன், உப்பில்லாத பரங்கிக்காய் மசியல் ஒரு ஸ்பூன், டாக்டர் அளவு சொன்ன லாக்டுலோஸ்ங்கிற மலமிளக்கி மருந்து. பால் வேணாம், சிலதுக்கு வயித்தால போகும். எண்ணெய வாயில ஊத்தவே ஊத்தாதீங்க, நுரையீரலுக்குப் போயிடும்.

பூனை வளக்கிறவங்க கண்ணுல படுற மாதிரி தயவுசெஞ்சு இத போடுங்க ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகி, யாங்கோன்