கழற்றும் பழைய புல்விரிப்பை எங்கள் பிள்ளைகளுக்குக் கொடுங்கள்

பன்னாட்டு விளையாட்டுப் போட்டிகளை நம் மாநிலத்தில் ஏற்பாடு செய்யும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

2025 நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை சென்னையிலும் மதுரையிலும் நடந்த இளையோர் ஆடவர் உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டியை நீங்கள் எவ்வளவு நேர்த்தியாக நடத்தினீர்கள் என்பதை நாடறியும். முதன்முறையாக 24 அணிகள் ஆடிய அந்தப் போட்டிக்காக மதுரை ரேஸ்கோர்ஸ் வளாகத்தில் ஒரு புதிய ஹாக்கி அரங்கமே எழுந்தது. நம் அணி அர்ஜென்டினாவை வென்று வெண்கலம் பெற்ற இரவில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தெருவில் வெடி போட்டார்கள். அந்த மகிழ்ச்சியில் எனக்கும் பங்கு உண்டு. நான் எழுத வந்தது வேறொன்றைப் பற்றி. பெரிய அரங்குகளில் புதிய செயற்கைப் புல்விரிப்பைப் போடும்போது கழற்றப்படும் பழைய விரிப்பை, கரிசல் காட்டுக் கிராமப் பள்ளிகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்கவே இம்மடல்.

நான் கழுகுமலைக்கு மேற்கே, திருவேங்கடம் வட்டாரத்தில் ஓய்வுபெற்ற பின்னும் பிள்ளைகளுக்கு ஹாக்கி கற்றுத்தந்து வரும் உடற்கல்வி ஆசிரியன். இந்தச் சீமைக்கும் ஹாக்கிக்கும் உள்ள உறவை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1986-இல் தூத்துக்குடி மாவட்டம் பிரியும் வரை நெல்லை மாவட்டத்தோடு இருந்த கோவில்பட்டியில் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி தொடர்ந்து நடந்துவருகிறது. 2022-இல் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை ஆடிய இந்திய அணியில் இருந்த மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் கோவில்பட்டியில் பயிற்சி பெற்றவர்கள். அங்கே செயற்கைப் புல்வெளி மைதானமும் இருக்கிறது. அதற்கு நன்றி உடையோம். ஆனால் சுற்றியுள்ள கிராமத்துப் பிள்ளை அந்த மைதானத்தில் காலையில் ஒரு மணி நேரம் ஆடிவிட்டுப் பள்ளி மணி அடிப்பதற்குள் திரும்பி வருவதற்குப் பேருந்து கிடையாது.

எங்கள் மைதானம் எப்படிப்பட்டது என்று சொல்கிறேன். கரிசல் மண் கோடையில் உள்ளங்கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். பந்து அந்த வெடிப்பில் போய் விழும், ஓடுகிற பிள்ளையின் கணுக்கால் பிசகும். மழை பெய்தாலோ மண் காலில் அப்பிக்கொண்டு விடாது. அதனால் மேலே சரளை கொட்டிப் பரப்பியிருக்கிறோம். ஆட்டம் தொடங்கும் முன் பிள்ளைகள் வரிசையாக நின்று கல் பொறுக்குவார்கள். அப்படியும் பந்து எங்கே தட்டி எந்தப் பக்கம் துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. முகத்துக்கு வரும் பந்துக்குப் பயந்து பிள்ளைகள் மட்டையைச் செங்குத்தாகவே பிடித்துப் பழகுகிறார்கள். மட்டையைத் தரையோடு படுக்கவைத்துப் பந்தை நிறுத்து என்று நான் சொன்னால், அப்படிச் செய்கிற பிள்ளையின் விரல் முட்டிகள் சரளையில் உரிந்து இரத்தம் வருகிறது. சொல்வதற்கே எனக்குக் கூசுகிறது.

கடந்த ஆண்டு ஒரு தேர்வு முகாமுக்கு எங்கள் மாணவி ஒருத்தியை அழைத்துச் சென்றேன். எங்கள் வட்டாரத்தில் அவளைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோக ஆண் பிள்ளைகளாலும் முடியாது. முகாம் நடந்தது நனைத்த செயற்கைப் புல்லில். அவள் அதுவரை அந்தப் புல்லின் மீது கால் வைத்ததில்லை. முதல் பந்து வந்தது. வழக்கம்போல் மட்டையைச் செங்குத்தாகப் பிடித்து, துள்ளும் என்று காத்து நின்றாள். பந்து துள்ளவில்லை, வழுக்கிக்கொண்டு மட்டைக்கு அடியில் போய்விட்டது. இரண்டாவதும் அப்படியே. திரும்பி ஓட முயன்றபோது, ஓட்டப் பந்தயத்துக்குப் போடும் அவளுடைய பழைய காலணி வழுக்கி விழுந்தாள். அவள் ஆட்டம் முடியப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. தேர்வாளர்கள்மீது நான் குறை சொல்லவில்லை. அவர்கள் கண்ணில் பட்டதைத்தான் அவர்கள் எழுத முடியும். வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள்: “சார், அந்தப் புல்லுல ஒரு மாசம் ஆட விட்டா நான் கத்துக்குவேன்ல?”

1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் செயற்கைத் தளத்தில் ஹாக்கி ஆடப்பட்டபோது, 1928 முதல் ஒவ்வொரு ஒலிம்பிக் ஹாக்கியிலும் பதக்கத்தோடு திரும்பிய நம் நாடு ஏழாம் இடத்துக்கு இறங்கியது. இயற்கைப் புல்லில் வளர்ந்த அன்றைய வீரர்களுக்கு நேர்ந்தது, இன்றும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறது என்பதை நீங்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

முகாமிலிருந்து வந்த சில வாரங்களில், ஓர் அரங்கின் பின்சுவர் ஓரமாகப் பழைய புல்விரிப்பைச் சுருட்டி வெயிலில் போட்டிருந்ததைப் பார்த்தேன். பொறுப்பாளரிடம் மனு கொடுத்தேன். அது ஏலத்துக்கு உரிய பொருள், பள்ளிக்குத் தர விதி இல்லை என்று பதில் வந்தது. பிறகு அதே பக்கம் போனபோது, அந்த விரிப்பை வெட்டி வாகன நிறுத்தத்தில் வண்டிகளுக்கு அடியில் விரித்திருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் ஆடக் கேட்ட புல் அது. அதன்மேல் இரண்டு சக்கர வண்டிகள் நின்றன.

ஐயா, அம்மையீர், இதற்குப் பிறகும் கோபப்படாமல் எழுத நான் முயல்கிறேன். விருந்தாளி வரும் நகரத்துக்கு எதுவும் குறைவதில்லை. 2022 மார்ச்சில் நம் கைக்கு வந்த சதுரங்க ஒலிம்பியாடுக்கு ஜூலை 28-இல் தொடக்க விழாவே நடந்துவிட்டது. நேப்பியர் பாலத்தைச் சதுரங்கக் கட்டங்களாக வண்ணம் தீட்டினீர்கள். 2023-இல் ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பைக்காக எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில், பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தேர்வான அதே வகைப் புல்விரிப்பைப் போட்டீர்கள். நான்கே மாதத்தில் உலகத்தை வரவேற்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு ஒரு பழைய விரிப்பை லாரியில் ஏற்றித் தெற்கே அனுப்புவதற்கு விதி கிடையாது என்பதை நான் எப்படி நம்புவது? 2010-இல் டெல்லி காமன்வெல்த் போட்டிக்கு முன் குடிசைகளைத் தட்டி கட்டி மறைத்ததையும், ஏதென்ஸில் 2004 ஒலிம்பிக்குக்காக எல்லினிக்கோவில் கட்டிய ஹாக்கி அரங்கம் ஆட்டமின்றிப் பாழடைந்து, பின்னாளில் அகதிகள் கூடாரம் போட்டுத் தங்கும் இடமானதையும் நாம் பார்த்திருக்கிறோம். லண்டனிலோ 2012-இல் ஹாக்கி அரங்கத்தைத் தற்காலிகமாகவே எழுப்பி, போட்டி முடிந்ததும் பிரித்தார்கள். அதே பூங்காவின் வடக்கே பொதுமக்கள் ஆடுவதற்கென்று ஹாக்கி மைதானம் அமைந்தது. போட்டிக்குப் பின் எது எங்கே போகும் என்பதைப் போட்டிக்கு முன்பே எழுதி வைத்ததால் அது நடந்தது. 2030 காமன்வெல்த் போட்டி அகமதாபாத்துக்கு வருகிறது. அங்கே திட்டமிடுபவர்களும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால் அகமதாபாத் எனக்குத் தொலைவு. நான் கேட்க வந்தது எங்கள் பிள்ளைகளுக்காக.

கழற்றிய விரிப்பு ஆடுவதற்குத் தகுதியற்றது என்று சிலர் சொல்லக்கூடும். முழு ஹாக்கி மைதானம் 91.4 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் கொண்டது. கோல் முன்னால் உள்ள வட்டப் பகுதிதான் அதிகம் தேயும். ஓரங்களும் நடுப்பகுதியின் பெரும் பங்கும் நன்றாகவே இருக்கும். அந்த நல்ல பகுதிகளை ஒட்டினால் பாதி மைதானம் அமையும். மட்டையைத் தரையோடு படுக்கவைக்கவும், வழுக்கி வரும் பந்தை நிறுத்தவும் கற்றுக்கொள்ள அது போதும். தண்ணீருக்குத் திண்டாடும் ஊர் எங்களுடையது. போட்டிக்கு நனைப்பதைப் போல் எங்களால் நனைக்க முடியாது. பந்து சற்று மெதுவாக ஓடும். அதனால் எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை.

ஆகவே பணிவுடன் மீண்டும் கேட்கிறேன்: அரங்கங்களில் புதிய விரிப்பு போடும் ஒப்பந்தத்திலேயே, பழைய விரிப்பைச் சேதமின்றிக் கழற்றி அரசுப் பள்ளிகளுக்கு ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேருங்கள். எந்தப் பள்ளிக்கு என்பதைக் கழற்றும் முன்பே அறிவியுங்கள். கோவில்பட்டி, கழுகுமலை, திருவேங்கடம், சங்கரன்கோவில் வட்டாரப் பள்ளிகளை முதலில் எண்ணிப் பாருங்கள். தளத்தைச் சமன் செய்து, கப்பி போட்டு, தண்ணீர் வடிய வழி செய்து தருவதற்கு எங்கள் ஊரார் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். லாரி வாடகையையும் நாங்களே கொடுத்துவிடுகிறோம். அடுத்த தேர்வு முகாமுக்கு முன் உங்கள் ஆணை வந்தால், அந்தப் பெண்ணுக்கும் அவளோடு ஆடும் பிள்ளைகளுக்கும் பயன்படும்.

இப்படிக்கு,
திருவேங்கடம் வட்டாரத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்