ஆதம்பூர் தளத்து வாரண்ட் ஆபீசருக்கு நன்றி

கர்நாடகத்தின் சாம்ப்ராவில் அடிப்படைப் பயிற்சி முடித்துப் பஞ்சாபின் ஆதம்பூர் விமானப்படைத் தளத்துக்கு வந்து சேர்ந்த எங்களைப் போன்ற இளம் வீரர்களுக்கு, தளபதியைவிட அதிக அச்சத்தைத் தந்தவர், முடிவெட்டு முதல் சல்யூட் வரை ஒழுங்கு அனைத்துக்கும் பொறுப்பான ஸ்டேஷன் வாரண்ட் ஆபீசர்தான். ஓடுபாதையில் கிடக்கும் சிறு திருகாணியை ஜெட் என்ஜின் உள்ளிழுத்துவிட்டாலும் அதன் சுழல்தகடுகள் சிதையக்கூடும் என்பதால், வரிசையாக நடந்து தரையைத் துழாவுவதும், வேலை முடிந்ததும் ஒவ்வொரு கருவியும் பலகையில் வரையப்பட்ட தன் வடிவத்துக்குள் திரும்பியிருக்கிறதா என்று சரிபார்ப்பதும், அவரைப் போன்ற மூத்தவர்களின் கண்டிப்பால்தான் எங்களுக்குப் பழக்கமாயின. அந்தக் கண்டிப்பை அப்போது நாங்கள் ரசித்தோம் என்று சொன்னால் அது பொய்.

என் தாயார் திருநெல்வேலியில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட செய்தி ஓர் இரவில் வந்தபோது, அந்த வாரண்ட் ஆபீசர் அதிகாரியின் குடியிருப்புக்கே நேரில் சென்று அவசர விடுப்புக்குக் கையெழுத்துப் பெற்று, அரசுச் செலவில் ரயிலில் செல்வதற்கான ரயில்வே வாரண்ட் என்ற பயணச் சீட்டையும் வாங்கிக் கொடுத்து, ஜலந்தர் கண்டோன்மென்ட் நிலையம்வரை வண்டிக்கும் ஏற்பாடு செய்தார். வண்டியில் ஏறும்போதும் தொப்பியை நேராக வைக்கச் சொல்லத் தவறவில்லை. ஒழுங்கைக் கேட்பவரே துணையாகவும் நிற்பார் என்பதை அன்றுதான் கண்டேன்.

தம் பெயர் வெளியில் வருவதை விரும்பாத அவருக்கு என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன். சார், அம்மா குணமடைந்து இன்றும் நலமாக இருக்கிறார்.