டிரைவர் போன் கண்டக்டர் பைல இருக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம். பஸ் ஓட்டிக்கிட்டே போன் பேசுற டிரைவர்கள் பத்தி நேத்து நீங்க போட்ட செய்தி பாத்தேன். தமிழ்நாட்டுல 2022 அக்டோபர்லயே ஃபைன் முதல் தடவை 1,000, மறுபடி மாட்டினா 10,000னு ஏத்தியாச்சு, ஆனா பிடிச்சாத்தானே ஃபைன். போன வாரம் திருச்சியிலருந்து தஞ்சாவூருக்கு முன் சீட்ல வந்தேன், டிரைவருக்கு ஒரு கையில ஸ்டியரிங் இன்னொரு கையில வாட்ஸ்அப், வல்லம் தாண்டுற வரைக்கும் எனக்கு உசுரே இல்ல, 60 கிலோமீட்டர் ஸ்பீடுல மூணு செகண்ட் குனிஞ்சா வண்டி 50 மீட்டர் ரோட்டைப் பாக்காமலே ஓடிருக்கும். கேட்டா "ஓனர் டைமிங் கேக்குறாரு"ங்கிறார் (அதுவும் பொய்னு சொல்லிட முடியாது). அதனால வண்டி கிளம்புறப்பவே டிரைவர் போனை கண்டக்டர் வாங்கி பைல வச்சிக்கணும், ஓனர் கூப்பிட்டா அவரே பேசட்டும்.

- ஒரு பஸ் பயணி, தஞ்சாவூர்