செட்டையைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்

எங்கள் பகுதிப் பயிர்ப் பாதுகாப்பு அலுவலர்களுக்கு வன்னிக் காளான் செய்கையாளர்களின் திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

காளான் குடிலில் பறக்கும் ஈயைப் படமெடுத்து வைபரில் அனுப்பினால் உங்களிடமிருந்து வருவது ஒரே வரிதான்: "சின்ன ஈ. மருந்து விசிறவும்." போன கிழமை வெவ்வேறு குடில்களிலிருந்து வந்த படங்களுக்கும் அதே வரி. அந்தப் படங்களில் இருந்தது ஒரே ஈ அல்ல.

சிப்பிக்காளான் பைக்கு வருவது பெரும்பாலும் சியாரிட் ஈ, இல்லாவிட்டால் போரிட் ஈ. இரண்டும் கரியது, 2-3 மில்லிமீற்றர்தான். நுளம்புக் குடம்பிக்குப் போடும் பி.ரி.ஐ. பக்டீரியா சியாரிட் புழுவைக் கொல்லும். போரிட் புழுவிடம் அது எடுபடாது. ஈயை மாற்றிச் சொன்னால் மருந்துக் காசும் போகும், பையும் போகும். மொட்டு விட்ட பைக்குப் பூச்சிநாசினி விசிறச் சொல்கிறீர்களே, நாலைந்து நாளில் அந்தக் காளானைச் சமைப்பது யார்?

பிரித்தறிய செட்டை போதும். சியாரிட் என்றால் நடு நரம்பு நுனிப்பக்கம் கெற்றப்போல் கவராகப் பிரிந்து, இரண்டு கிளையும் வளைந்து ஓரத்தைத் தொடும். கவரின் காம்பு மங்கலாக இருக்கும், தேடவேண்டும். போரிட்டில் தடித்த நரம்புகள் முன்விளிம்போடு நெருங்கி நின்று நடுவழியில் முடிந்துவிடும். மிச்சத்தில் மெல்லிய நரம்புகள் குறுக்கு நரம்பு இல்லாமல் சரிந்து ஓடும். மூன்று நாலு நீள நரம்புகள் மட்டும் இருந்து, செட்டை முழுக்க நுண்மயிர் என்றால் அது மூன்றாவது குடும்பமான செசிட் ஈ. இனப்பெயர் நாங்கள் கேட்கவில்லை. சியாரிட்டில் அதற்கு ஆண் ஈயின் பின்நுனியை நுணுக்குக்காட்டியில் பார்க்கவேண்டும். குடும்பம் தெரிந்தால் எங்களுக்குக் காணும்.

படம் பிழைப்பதில் எங்கள் பங்கும் உண்டு, ஆனால் எப்படி எடுப்பது என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை. மஞ்சள் ஒட்டு அட்டையில் பிடித்த ஈயின் செட்டை பசையில் சுருண்டுவிடும். உட்கார்ந்திருக்கும் ஈயில் ஒரு செட்டை மற்றதன்மேல் படிந்து, இரண்டின் நரம்பும் கலந்து, இல்லாத குறுக்கு நரம்பெல்லாம் தெரியும். போன் பிளாஷ் அடித்தால் செட்டை வெறும் மினுக்கம்தான். ஈயை 70% ஸ்பிரிட்டில் போட்டு, ஒரு செட்டையை அடியோடு ஊசியால் கழற்றி, கண்ணாடித் துண்டில் ஒரு துளி நீரில் விரித்து, கீழிருந்து வெளிச்சம் விட்டு, போனில் மாட்டும் கிளிப் வில்லையால் நேர்மேலே எடுக்கவேண்டும். பக்கத்தில் அடிமட்டம் இருந்தால் அளவும் தெரியும். பிறகு படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்பவேண்டும், இல்லாவிட்டால் வைபர் சுருக்குகையில் நரம்பெல்லாம் அழிந்துவிடும். ஒரு பக்கத் துண்டுப்பிரசுரத்தில் அடங்கும் விஷயம் இது.

பயிற்சிப் பட்டறைகள் நடக்காமல் இல்லை. பனர், மாலை, குத்துவிளக்கு, கடைசியில் குழுப்படம். அந்தப் படத்தில் மட்டும் எல்லா முகமும் துலக்கமாக விழுகிறது.

கோபத்தில் கூடக் கதைத்திருந்தால் மன்னியுங்கள். கேட்பது ஒன்றுதான்: மருந்துப் பெயருக்கு முன் செட்டையைப் பாருங்கள். அந்தத் துண்டுப்பிரசுரத்தைத் தமிழில் தாருங்கள், கமநல நிலையத்தில் போன் பொருத்தக்கூடிய ஒரு நுணுக்குக்காட்டி வையுங்கள். படத்தில் நரம்பு தெரியாவிட்டால் "தெரியவில்லை, திருப்பி எடுத்து அனுப்புங்கள்" என்று எழுதுங்கள். எடுத்து அனுப்புவோம்.

இப்படிக்கு,
வன்னிக் காளான் செய்கையாளர்கள்