முதலில் குழல், பிறகுதான் பூட்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழலின் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் பழங்காலச் சக்கிமுக்கித் துப்பாக்கியைப் புதியவரும் கையால் செய்யலாம் என்று சென்ற ஞாயிறு இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. செய்யலாம் என்பது உண்மைதான். ஆனால் பூட்டை, அதாவது பொறி எழுப்பி மருந்தைப் பற்றவைக்கும் பொறியமைப்பை, முதலில் மரத்தில் பதிக்கச் சொல்லியிருப்பது பெரும் பிழை. அதை நம்பி உளியை எடுப்பவர் நல்ல வால்நட் கட்டை ஒன்றை வீணாக்குவார்.

காரணம் இதுதான். குழலின் அடியை அடைக்கும் திருகடைப்பு உள்ளே எவ்வளவு தூரம் போகிறது என்பதை முதலில் அளக்க வேண்டும். அதன் முகத்துக்குச் சற்று முன்னால்தான் நெருப்புத் துளை வரும். அந்தத் துளைக்கு நேராகப் பூட்டின் மருந்துக் கிண்ணி நிற்க வேண்டும். கிண்ணியை வைத்தே பூட்டின் இடமும், பூட்டை வைத்தே விரலால் இழுக்கும் விசையின் இடமும் அமையும். பூட்டை முதலில் பதித்தால் துளை அடைப்பின் முகத்திலேயே விழக்கூடும். பிறகு கிண்ணியில் நெருப்புப் பளிச்சிடும், குழலுக்குள் இருக்கும் மருந்து பற்றாது. துளைக்கு 1.6 மி.மீ. அகலம் போதும்.

குழலை மட்டும் சொந்தமாகச் செய்ய நினைக்கவே வேண்டாம். தண்ணீர்க் குழாய் அந்த அழுத்தத்தைத் தாங்காது, பிளந்துவிடும். அழுத்தச் சோதனை முத்திரை உள்ள குழலையும் தயாரான பூட்டையும் விலைக்கு வாங்குங்கள். கைத்திறனைக் காட்ட மரம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் ஒரு காலத்தில் ஸ்டிங்க்வுட் மரத்தில் துப்பாக்கிக் கட்டை செய்தார்கள். இன்று அது பாதுகாக்கப்பட்ட மரம் என்பதால் நன்றாக உலர்ந்த வால்நட் அல்லது மேப்பிள் போதும்.

மரம் குடையும் வேலைதான் புதியவரின் பொறுமையைச் சோதிக்கும். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து, கண்மை போல மெல்லிசாக இரும்பில் தடவுங்கள். இரும்பை மரத்தில் வைத்து அழுத்தி எடுத்தால், முட்டுகிற இடத்தில் மட்டும் கறுப்பு ஒட்டியிருக்கும். அந்தக் கறுப்பை மட்டும் உளியால் சுரண்டி, மறுபடி தடவிப் பாருங்கள். ஒரு குழலுக்கு இது நூறு தடவைக்கு மேலும் ஆகலாம். சலித்துப்போய் ஒரே வெட்டாகக் குடைந்தால் விழும் இடைவெளியை எந்தப் பசையும் மறைக்காது. குழலின் அடிமுகம் மரத்தில் முழுதாகப் பதிய வேண்டும். அதன் பின்னால் நீளும் வால்பட்டையின் நுனியில் மட்டும் ஒரு மயிரிழை இடம் விடுங்கள். சுடும்போது வரும் உதை அந்த நுனியில் விழுந்தால் கட்டையின் மெலிந்த கழுத்துப் பகுதி பிளந்துவிடும்.

பூட்டைப் பதிக்குமுன் உள்ளே உள்ள பெரிய வில்லை (ஸ்பிரிங்கை) கழற்றிவிட்டு, பூட்டின் தகட்டை மட்டும் முதலில் இறக்குங்கள். பாகங்களைப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். வில் மரத்தில் உராய்ந்தால், சக்கிமுக்கிக் கல்லைப் பிடித்திருக்கும் குதிரை சோம்பி விழும், பொறியும் குறையும். குழலுக்கும், குண்டை உள்ளே தள்ளும் கோல் செருகும் துளைக்கும் நடுவில் 3 மி.மீ. மரமாவது நிற்க வேண்டும். பூட்டின் முன் திருகாணி அந்த இடத்தில்தான் குறுக்கே போகிறது. அளக்காமல் துளைத்தால் கோலில் இடிக்கும்.

டர்பன் காற்றின் ஈரத்தையும் கட்டுரை மறந்துவிட்டது. மரம் ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். அதனால் குழலைக் கட்டையோடு பிடிக்கும் ஆணிகளுக்குக் குழலின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகளில் வட்டத் துளை கூடாது, நீள்துளை வேண்டும். ஆளிவிதை எண்ணெயை வெளியே மட்டும் பூசினால் போதாது. குடைந்த பள்ளங்களுக்குள்ளும் மெல்லிசாகப் பல தடவை பூசி, ஒவ்வொரு தடவையும் காயவிட வேண்டும்.

இதில் கருமருந்து மட்டுமே போடலாம். புகையில்லா மருந்து போட்டால் குழல் வெடிக்கும். குண்டு, மருந்தின்மேல் ஒட்டி உட்கார வேண்டும். இடையில் வெற்றிடம் விட்டால் குழல் வீங்கிவிடும். சரியான ஆழத்தைக் கோலில் கோடிட்டு வைத்துக்கொள்வது நல்லது.

தென்னாப்பிரிக்காவின் 2000-ஆம் ஆண்டு 60-ஆம் எண் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, இவ்வகைத் துப்பாக்கியை வைத்திருக்கவும் தகுதிச் சான்றிதழ் கட்டாயம். பாகங்களை வரவழைக்கும் முன்பே காவல் நிலையத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும். இதைக் கட்டுரை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. அடுத்த இதழில் இந்த வரிசைப் பிழையையும் சட்டத்தையும் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டர்பன் வாசகர்