விற்பனைக் கதைக்குள் பொருள் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கதை சொல்லி விற்பது பற்றித் தங்கள் வர்த்தகப் பக்கத்தில் அண்மையில் வந்த கட்டுரையை வாசித்தோம். கொழும்பில் இதே தலைப்பில் வகுப்புகளும் பெருகிவிட்டன. நல்ல விடயம்தான். ஆனால் வகுப்புக்குப் போய்வந்த பிள்ளைகள் கடையில் நின்று சொல்வதைக் கேட்டால் கவலையாக இருக்கிறது. சாறி எடுக்க வந்தவருக்கு முதலாளியின் வாழ்க்கை வரலாறு சொல்லப்படுகிறது. அவர் வெறுங்கையோடு கொழும்புக்கு வந்தது, புறக்கோட்டை நடைபாதையில் துணி விற்றது, இன்று எத்தனை கிளைகள் என்பது வரை. வந்தவர் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, "வேற கடையும் பார்த்திட்டு வாறன்" என்று இறங்கிவிடுகிறார். விற்பனையாளருக்குப் பயிற்சி கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் என்ற முறையில் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறோம்.

விற்பனையில் சொல்லும் கதை வாங்க வந்தவரின் சிக்கலில் தொடங்க வேண்டும். அவரைப் போன்ற ஒருவர், அவருக்கு வந்த அதே யோசனை, எடுத்த முடிவு, பிறகு நடந்தது, கையால் தொட்டோ கண்ணால் பார்த்தோ சரிபார்க்கக்கூடிய ஓர் அடையாளம். கவுண்டரில் இவ்வளவும் ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். முதலாளியின் கதை கடைச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்கட்டும், விருப்பமானவர்கள் வாசிப்பார்கள்.

வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடையை எடுத்துக்கொள்வோம். தங்கையின் கலியாண எழுத்துக்குச் சாறி பார்க்க ஒரு பெண் வருகிறார். விற்பனைப் பிள்ளை முதலில் நாலு கேள்வி கேட்க வேண்டும். விசேஷம் எப்போது, கோயிலிலா மண்டபத்திலா, எவ்வளவு நேரம் உடுத்திருக்க வேண்டும், அன்றைக்கு அவருக்கு ஓடியாடி வேலை இருக்கிறதா. "காலமை கோயில், பின்னேரம் ஹோல். நான்தான் எல்லாத்துக்கும் ஓடித் திரியவேணும்" என்று பதில் வருகிறது. இந்தப் பதில் வரும்வரை எந்தக் கதையும் சொல்லக்கூடாது. வந்தபின் இப்படிச் சொல்லலாம்:

"அக்கா, இப்பிடித்தான் போன மாதம் ஒராள் வந்தவ. வீட்டில மூத்தவ, எல்லா வேலையும் அவவின்ட தலையில. முழுப் பட்டு பாரம், நாள் முழுக்கக் கட்டிக்கொண்டு நிக்க ஏலாது எண்டு யோசிச்சவ. கடைசியில இதை எடுத்தவ. பாவு பட்டு, ஊடை பருத்தி. ஒரு கையில இதைப் பிடிங்கோ, மற்றக் கையில அந்தப் பட்டைப் பிடிச்சுப் பாருங்கோ. விசேஷம் முடிஞ்சு அம்மாவுக்கும் ஒண்டு எடுக்க வந்தவ. ஒண்டு சொல்லவேணும், பட்டு மாதிரி மினுமினுப்பு வராது, ஃபோட்டோவில கொஞ்சம் அடங்கித்தான் தெரியும். விலை 18,500."

பிறகு பேசாமல் நிற்க வேண்டும். புதியவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். மௌனம் தாங்காமல் இரண்டாவது கதையைத் தொடங்கிவிடுவார்கள். வந்தவர் இரண்டு சாறிகளின் பாரத்தையும் கையில் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும் நேரம் அது. அப்போது பேசினால் அந்த ஒப்பீடு கலைந்துவிடும்.

மேலே சொன்னதில் குறையைச் சொல்லும் வரியை எடுத்துவிட்டால் கதை விளம்பரமாகிவிடும். மினுமினுப்புக் குறைவு என்று விற்பவரே சொல்லும்போது, பாரம் குறைவு என்று சொன்னதையும் வாங்குபவர் நம்புகிறார். மினுமினுப்புத்தான் வேண்டும் என்பவர் அந்த இடத்திலேயே பட்டுப் பக்கம் போய்விடுவார், மறுநாள் மாற்றித் தரச் சொல்லி வரமாட்டார். விலையையும் கதையோடு சேர்த்தே சொல்லிவிட வேண்டும். கதையால் மனதை இளக வைத்துவிட்டு விலையைக் கடைசியில் எடுத்தால், இவ்வளவும் இதற்காகத்தானா என்ற எண்ணம் வந்துவிடும். பேரம் அங்கேதான் கடுமையாகும்.

இந்தக் கதை உண்மையாக நடந்ததாக இருக்க வேண்டும் என்பதில் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம். "போன மாதம் ஒராள்" என்றால் அப்படி ஒருவர் வந்திருக்க வேண்டும். உண்மைக் கதைகளுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். பிளவுஸ் துணி தேடித் திரும்பி வருபவர், அளவு மாற்ற வருபவர், உறவினரைக் கூட்டி வருபவர் எல்லோரும் கதையோடுதான் வருகிறார்கள், எழுதி வைப்பதற்குத்தான் ஆளில்லை. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு 80 பக்கக் கொப்பி போதும். திகதி, என்ன யோசனையோடு வந்தார், எதை எடுத்தார், பிறகு வந்து என்ன சொன்னார், பில் இலக்கம். பெயர் வேண்டாம். திருப்பிக் கொடுத்தவர்களையும் கட்டாயம் எழுத வேண்டும். ஏன் திருப்பினார் என்ற வரியிலிருந்துதான் அடுத்தவருக்குச் சொல்ல வேண்டிய எச்சரிக்கை கிடைக்கும்.

மொத்த வியாபாரம் வேறு. புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் மலையகத்திலிருந்தோ கிழக்கிலிருந்தோ கொள்வனவுக்கு வந்தவருக்குப் பின்னேரத்துக்குள் லொறியில் சாமான் ஏற்ற வேண்டும். அவரை நிறுத்தி வைத்துக் கதை சொல்வது அவருடைய நேரத்தைத் திருடுவது. அவருக்கு வேண்டியது விலை, குறைந்தபட்ச அளவு, கடன் நாள். கதை என்றால் அவருக்கு ஒன்றுதான் பயன்படும், இன்னொரு கடையில் இதே சரக்கு எப்படி ஓடியது என்பது. "வவுனியாப் பக்கம் ஒரு கடை மூண்டு டசின் எடுத்தது. நடு சைஸ் ரெண்டு கிழமையில முடிஞ்சுது, பெரிய சைஸ் இன்னும் கிடக்கு. நீங்க பெரிசைக் குறைச்சு எடுங்கோ." இதைக் கேட்ட கடைக்காரர் அடுத்த முறையும் இங்கேதான் வருவார். எது தேங்கியது என்பதை மறைத்து எல்லாச் சைஸையும் தலையில் கட்டினால், அவருடைய காசு தேங்கிய சரக்கில் முடங்கும், நமக்குக் கொடுத்த காசோலையும் திரும்பும். கதையில் எந்தக் கடை என்ற பெயரை மட்டும் சொல்லக்கூடாது. ஒருவருடைய விற்பனைக் கணக்கை அவருடைய போட்டியாளரிடம் சொல்கிறவர் நாளை நம்முடையதையும் சொல்வார் என்று எதிரே நிற்பவருக்குத் தெரியும்.

தேயிலைக்கு வருவோம். சுற்றுலாப் பயணிகள் வரும் கடைகளில் எல்லாம் ஒரே கதை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் கண்டிக்கு அருகே லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார் என்பது. உண்மைதான், ஆனால் நகரத்தில் உள்ள அத்தனை பெட்டிகளுக்கும் அது பொதுவானது. பயணியின் கையில் இருக்கும் இந்தப் பெட்டியைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. ஊவாத் தேயிலை என்றால் ஜூலை முதல் செப்டெம்பர் வரை அந்த மலைச்சரிவில் வீசும் வறண்ட காற்றைச் சொல்லுங்கள், அந்தப் பருவத்துக் கொழுந்துக்கு வரும் தனி வாசத்தைச் சொல்லுங்கள். திம்புள்ளத் தேயிலை என்றால் அதன் நல்ல பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிய கொழுந்து ஏறத்தாழ நாலரைக் கிலோ வாடி, உருண்டு, புளித்து, காய்ந்தால்தான் ஒரு கிலோ தேயிலை. இதைச் சொல்லிக்கொண்டே தூளைக் கொஞ்சம் வெள்ளைத் தட்டில் கொட்டிக் காட்டி, ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தால் போதும். சிங்க இலச்சினை இருந்தால் அதையும் விரலால் தொட்டுக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது முழுவதும் இலங்கைத் தேயிலை, பொதி செய்ததும் இலங்கையில் என்பதற்கு அது சான்று. பல தோட்டத்துக் கலவையை ஒரே தோட்டத்தது என்று சொல்வது, ஏலத்தில் வாங்கிப் பொதி செய்ததை "எங்கள் குடும்பத் தோட்டம்" என்பது, இணையத்தில் எடுத்த கொழுந்து பறிக்கும் அம்மாவின் படத்தை ஒட்டி அவருக்கு ஒரு பெயர் வைப்பது, இவை நடக்கின்றன. மலையக மக்களின் உழைப்பைப் படமாக மட்டும் எடுத்து, அவர்களிடம் கேட்காமல் பயன்படுத்துவது எங்களுக்கு மிகவும் வேதனையான விடயம். அவர்கள் கதை வேண்டுமென்றால் தோட்டத்துக்குப் போய், அனுமதி கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும்.

கறுவாவில் பொய் இன்னும் ஆபத்தானது. "இதைக் குடிச்சு ஒருவருக்குச் சீனி வருத்தமே இல்லாமல் போயிட்டுது" என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். கேட்பவர் மருந்தை நிறுத்திவிட்டால் யார் பொறுப்பு? இலங்கைக் கறுவாவுக்கு அப்படிப் பொய் சொல்லத் தேவையே இல்லை. ஒரு சுருளை முனையில் காட்டினால் மெல்லிய பட்டைகள் பல ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டிருப்பது தெரியும், விரலால் அழுத்தினால் நொறுங்கும். கசியா என்னும் மலிவான பட்டை தடித்த ஒற்றைத் தோல், இலேசில் உடையாது. அளவு மீறினால் ஈரலுக்குக் கெடுதியான கூமரின் என்ற பொருள் கசியாவில் அதிகம், நம்முடையதில் மிகக் குறைவு. 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் "சிலோன் சினமன்" என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப் பெயருக்கான பாதுகாப்பு, கொடுத்தது. இரண்டு பட்டைகளையும் அருகருகே வைத்து வாங்குபவரையே உடைத்துப் பார்க்கச் சொன்னால், அவர் ஊருக்குப் போய்த் தன் நண்பர்களுக்கும் அதையே செய்து காட்டுவார்.

செட்டியார் தெருவுக்கு ஒரு வரி. நகைக்கடையில் மணப்பெண் கதை எவ்வளவு அழகாக இருந்தாலும் நிறை, தரம், செய்கூலி, சேதாரம் நான்கும் பில்லில் தனித்தனியாக இருக்க வேண்டும். 22 கரட்டில் ஒரு பவுண் எட்டுக் கிராம் என்றால் அதில் தூய தங்கம் ஏறத்தாழ 7.33 கிராம், விற்கும்போது செய்கூலி திரும்ப வராது. இதை முன்கூட்டியே சொல்லும் கடைக்கு வேறு கதையே வேண்டாம்.

வகுப்புகளில் அடிக்கடி சொல்லப்படும் ஓர் உதாரணத்தையும் இங்கே நேர் செய்ய வேண்டும். 2009இல் அமெரிக்காவில் ராப் வாக்கர், ஜோஷுவா க்ளென் என்ற இருவர் சில்லறைப் பழைய சாமான்களை மொத்தம் 130 டொலருக்குள் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்தாளரைக் கொண்டு கதை எழுதுவித்து, ஈபேயில் 3,600 டொலருக்கு மேல் விற்றார்கள். கதைக்கு விலையை உயர்த்தும் வலு இருக்கிறது என்பதற்கு இதைக் காட்டுவார்கள். அந்தக் கதைகள் எழுத்தாளரின் கற்பனை என்பதை வாங்குபவருக்கு மறைக்கவில்லை என்ற பாதியைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். வாங்கியவர்கள் தெரிந்தே வாங்கினார்கள். நம் ஊரில் கற்பனைக் கதையை நடந்த கதையாகச் சொல்லி விற்றால் அது சட்டத்துக்கும் விரோதம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு தவறாக வழிநடத்தும் நடத்தையையும், 31ஆம் பிரிவு பொய்யான எடுத்துரைப்புகளையும் தடை செய்கின்றன. ஏமாற்றப்பட்டவர் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம், 1977 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். கடைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பொய்க் கதை சொல்லச் சொன்னவர் முதலாளியாக இருந்தாலும், வாடிக்கையாளரின் முகத்துக்கு முன்னால் நிற்பது அந்தப் பிள்ளைதான்.

வட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் விற்பவர்களுக்குச் சில சொற்கள். குரல்பதிவு முப்பது வினாடிக்கு மேல் போனால் பலர் பாதியில் நிறுத்திவிடுவார்கள், ஆகவே சிக்கலை முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் அனுப்பிய பாராட்டைப் படம் பிடித்துப் போடும்போது அவருடைய பெயரும் தொலைபேசி இலக்கமும் அப்படியே தெரிகின்றன. கேட்டுவிட்டுப் போடுங்கள், இலக்கத்தை மறையுங்கள். "கடைசி இரண்டுதான் இருக்கு" என்று நாள்தோறும் போடுவதும் பொய்க் கதைதான்.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், கதையை மனப்பாடம் செய்ய விடக்கூடாது என்பதுதான் முதல் விதி. மனப்பாடம் செய்த பிள்ளை நடுவில் ஒரு கேள்வி வந்தால் தடுமாறி, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். வந்தவரின் யோசனை, எடுத்த பொருள், பிறகு நடந்தது என்ற மூன்றை மட்டும் நினைவில் வைத்துச் சொந்த வாயால் சொல்ல வேண்டும். காலையில் கடை திறக்குமுன் பத்து நிமிடம் போதும். ஒருவர் கொப்பியிலிருந்து ஒரு கதையைச் சொல்ல, மற்றவர் கேட்டுவிட்டு, "வந்தவருக்கு என்ன சிக்கல்?" என்பதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல வேண்டும். பதில் வரவில்லை என்றால் கதையில் சிக்கல் இல்லை, பொருளின் புகழ்ச்சி மட்டும் இருக்கிறது என்று அர்த்தம். கொழும்பில் மூன்று மொழியிலும் ஆட்கள் வருவார்கள். சிங்களம் சரளமாக வராத பிள்ளை தமிழ்க் கதையை மனதுக்குள் மொழிபெயர்த்துத் திணறுவதைவிட, பொருளைக் கையில் கொடுத்து, விலையையும் குறையையும் தெளிவாகச் சொல்வது மேல்.

வகுப்பு நடத்துபவர்களிடம் எங்கள் வேண்டுகோள் இது. மண்டபத்தில் ஒலிவாங்கியைப் பிடித்துச் சொல்லப் பழக்குவதோடு நிறுத்தாமல், கடைசி ஒரு மணித்தியாலத்தையாவது புறக்கோட்டையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு கடைக் கவுண்டரில் நடத்துங்கள். தமிழ் வர்த்தகச் சங்கங்கள் இதற்கு உறுப்பினர் கடைகளைத் திறந்து கொடுக்கலாம், வியாபாரம் குறைந்த செவ்வாய், புதன் காலைகள் பொருத்தமாக இருக்கும். தாங்களும் வர்த்தகப் பக்கத்தில் வாரம் ஒரு கடையின் உண்மைக் கதையை, பொருளின் குறையையும் சேர்த்து, கால் பக்கத்தில் வெளியிட முடியுமானால் எங்களால் இயன்ற உதவியைச் செய்யத் தயாராக இருக்கிறோம்.

இங்ஙனம்,
விற்பனைப் பயிற்சியாளர்கள்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.